மடுவுக்குப் போன மாப்பைகள்

எங்கள் ஊரில் ஒரு துணியில் நைலோன் நூல் தொங்கிக்கொண்டிருந்தால் அது குப்பை. வலையிலிருந்து வந்த குப்பை. அதைப் பிடுங்கி எடுக்க வேண்டும். கொஞ்சம் நீளமாக இருந்தால் விரலில் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும். குருநகரில் பிறந்த பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வாய் எதைக் கதைத்துக்கொண்டிருந்தாலும் கை இந்த வேலையைச் செய்துவிடும்.

மடு மாதா கோயிலுக்கு நடக்க வெளிக்கிட்டபோது எனக்கு இது நினைவுக்கு வரவில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு, சண்டையை நிறுத்தி வைத்திருந்த காலம். ஆவணித் திருநாளுக்கு எங்கள் ஒழுங்கையில் இருந்து பன்னிரண்டு பேர் நடந்து போவதென்று முடிவாயிற்று. நடத்திக்கொண்டு போனவர் செபஸ்தியம்மா மாமி. முன்பும் நடந்து போய் வந்தவர். மீன் சந்தையில் பெட்டி ஏற்றும் கைவண்டி ஒன்றை இரவல் வாங்கினார்கள். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவியும் அதன் வாசம் போகவில்லை. வழி நெடுகக் காகங்கள் எங்களோடு யாத்திரை வந்தன.

வண்டி தள்ளுவது சூசைதாசன் அண்ணையும் வின்சன்ற் அண்ணையும். சமையல் லூர்த்தம்மா அக்கா. செபமும் பாட்டும் தொடங்கிக் கொடுப்பது என் ஒன்றுவிட்ட தங்கச்சி ஸ்ரெல்லா. அவளுக்கு நல்ல குரல். எனக்கு என்ன வேலை கொடுப்பதென்று மாமிக்குத் தெரியவில்லை.

"ஜெசிந்தா வாய் திறக்காது. பாட்டுக்கும் சரிவராது, வழி கேக்கவும் சரிவராது," என்றார் மாமி, நான் பக்கத்தில் நிற்கும்போதே. "சரி, பைகளைப் பார். பை வாய் திறக்கச் சொல்லாது."

பைகள் என்றால் பன்னிரண்டு கோதுமை மாப்பைகள். எல்லாரும் ஒரே கூட்டுறவுச் சங்கக்கடையில் வாங்கியவை. வெளுத்த துணியில் அரைவாசி அழிந்த சிவப்பு எழுத்து, வாயில் ஒரு சுருக்குக் கயிறு. உள்ளே கிடந்த உடுப்புகளும் ஏறக்குறைய அப்படித்தான். சங்கக்கடைக்கு அந்த முறை கபில நிறக் கட்டம் போட்ட சாரமும் நீலக்கரைத் துவாயும்தான் வந்திருந்தன. ஆண்கள் எல்லாரும் அந்தச் சாரம், எல்லாரும் அந்தத் துவாய்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் மாமி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆனையிறவிலை ஆமிக்காறன் ஒவ்வொரு பையாக் கொட்டிப் பாப்பான். அவையவை தங்கடை பையோடை நிக்கோணும். ஆம்பிளையின்ரை பையுக்குள்ளை பொம்பிளைச் சட்டை கிடந்தால், இது ஆற்றை சட்டை, அவள் எங்கை எண்டு நூறு கேள்வி வரும். அதுக்கு முதல் பளையிலை வைச்சு நான் பாப்பன். ஒண்டு குறைஞ்சாலும், ஒண்டு மாறிக் கிடந்தாலும், அடுத்த வஸ்ஸிலை நீ வீட்டை. பை வேலையை ஸ்ரெல்லா பாப்பாள். விளங்கிச்சோ?"

"ஓம் மாமி."

"வேலையில்லாத ஆளைக் கூட்டிக்கொண்டு திரிய இது கலியாண வீடில்லை."

எனக்கு மடுவுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடம். வீடு, வலை, கோயில், வீடு. மடுவில் வழி இரண்டு பக்கமும் மரம் என்று சொல்வார்கள். மரத்துக்குப் பின்னால் மரம், அதற்குப் பின்னாலும் மரம். கடல் வாசம் இல்லாத ஒரு இடத்தில் நான் அதுவரை நித்திரை கொண்டதில்லை.

அதனால் கவனமாகச் செய்தேன். யாரிடமும் போய், இது உங்களுடையதா என்று கேட்க வேண்டி வரக்கூடாது என்பதுதான் என் யோசனை. வீட்டில் வலை நூல் துண்டுகள் பல நிறத்தில் கிடந்தன. மாமிக்குப் பச்சை, லூர்த்தம்மா அக்காவுக்குச் செம்மஞ்சள், சூசைதாசன் அண்ணைக்குக் கறுப்பு, இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். நிறம் முடிந்த பிறகு அதே நிறத்தில் இரட்டை முடிச்சு. பையின் கயிற்றில் ஒன்று, ஒவ்வொரு உடுப்பின் ஓரத்திலும் ஒன்று. கட்டி முடித்தபோது எனக்கே சந்தோசமாக இருந்தது. இனி நான் கதைக்கத் தேவையில்லை, நூல் கதைக்கும்.

முதல் நாள் சூரியன் சாயும்போது கொடிகாமத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒரு கோயில் வளவில் தங்க இடம் தந்தார்கள். வியர்வையும் புழுதியும் பட்ட உடுப்புகளை எல்லாம் கிணற்றடியில் ஒன்றாகத் துவைத்து, சாமியார் தங்கும் அறைவீட்டுக்குப் பின்னால் இருந்த கொடியிலும் வேலியிலும் போட்டோம். பையில் கிடந்த நல்ல உடுப்புகளையும் மாமி எடுத்து வெளியே போடச் சொன்னார். வண்டியின் மீன் வாசம் அவற்றுக்குள்ளும் போயிருந்தது.

அடுத்த நாள் காலை நான் கிணற்றில் தண்ணீர்க் கானை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தேன். மாமியும் லூர்த்தம்மா அக்காவும் காய்ந்த உடுப்பு முழுவதையும் நிலத்தில் விரித்த படங்கில் குவித்து வைத்துக்கொண்டு, செபமாலை சொல்லியபடி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு "அருள்நிறை மரியே"க்கு ஒரு சாரம் மடிந்தது. மடிக்கும்போது லூர்த்தம்மா அக்காவின் விரல் ஓரத்தைத் தடவிப் போய் எதையோ பிடுங்கியது. மாமியின் விரலும் பிடுங்கியது.

மாமியின் பெருவிரலில் பச்சை, செம்மஞ்சள், கறுப்பு, நீலம் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னப் பந்து இருந்தது.

நான் கானைக் கீழே வைத்தேன். பாதித் தண்ணீர் நிலத்தில் போயிற்று.

"என்னடி பிள்ளை, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்?" என்றார் லூர்த்தம்மா அக்கா, செபத்தின் நடுவிலேயே. "உங்கை பார், எங்கடை சனம் மடுவுக்குப் போனாலும் வலைக் குப்பையையும் கொண்டெல்லே போகுது. ஒவ்வொரு துணியிலையும் நூல்! பைக் கயித்திலையும் கிடந்துது, அதையும் எடுத்துப்போட்டன்."

"நல்ல நூல்," என்றார் மாமி. பந்தைத் தன் மடியில் செருகிக்கொண்டார். "நேரம் போகுது. எல்லாத்தையும் ஒரு கட்டாக் கட்டுங்கோ. பளையிலை போய்ப் பிரிக்கலாம்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. படங்கைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

அன்று வெயில் கடுமையாக இருந்தது. வின்சன்ற் அண்ணையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவருடைய மனைவிக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. இப்போது ஏழாவது மாதம். அதற்காக மாதாவுக்கு நேர்த்தி வைத்துத்தான் அவர் மடுவுக்கு நடக்கிறார். வெளிக்கிடும்போது துறையில் எல்லாருக்கும் முன்னால் நின்று, "செருப்புப் போடாமல் நடப்பன் பாருங்கோ. பிறந்ததிலை இருந்து வெறுங்கால்தான், எனக்கென்ன," என்று மார்பில் தட்டிச் சொன்னவர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கால் நடந்ததெல்லாம் ஈர மணல். மற்ற நேரம் வள்ளத்துக்குள் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். ஆவணி வெயிலில் கொதிக்கிற தார் றோட்டை அது கண்டதில்லை.

மிருசுவிலில் ஒரு புளியமரத்தின் கீழ் எல்லாரும் பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள். நான் படங்குக் கட்டை இன்னொரு முறை பார்ப்போம் என்று வண்டிக்குப் பின்னால் போனேன். அங்கே வின்சன்ற் அண்ணை நிலத்தில் குந்தியிருந்து காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கால் தோல் கழன்று, பார்க்க முடியவில்லை. சுற்றிய துணியில் சின்னச் சின்ன மஞ்சள் பூ.

மஞ்சள் பூச் சீத்தைத் துணி எங்கள் கூட்டத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. செபஸ்தியம்மா மாமி திருநாளன்று போடுவதற்காகப் புதிதாகத் தைத்து, ஒரு முறையும் போடாமல் கொண்டுவந்த சட்டை.

அவர் என்னைக் கண்டுவிட்டார்.

"பிள்ளை, சத்தம் போடாதை. விடியமுன்னம் இருட்டிலை பாத்தன், வேலியிலை பழந்துணி கிடந்துது, எடுத்துக் கிழிச்சுப்போட்டன்."

நான் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பழந்துணி இல்லையோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஆற்றை?"

நான் மரத்தடிப் பக்கம் பார்த்தேன். மாமி யாருக்கோ சம்பல் காணாது என்று பேசிக்கொண்டிருந்தார். வின்சன்ற் அண்ணைக்கு விளங்கிவிட்டது.

"ஐயோ மாதாவே. பிள்ளை, அவவுக்குச் சொல்லிப்போடாதை. காலைக் கண்டால் வண்டியிலை ஏத்திப்போடுவா. இல்லாட்டி வீட்டை அனுப்பிப்போடுவா. என்ரை நேத்தி போயிடும். சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

நான் சரியென்று தலையாட்டினேன். அவர் சாரத்தைக் கால்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். பளை வரைக்கும் அவர் வண்டியைத் தள்ளினாரா, வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாரா என்று சொல்ல முடியாது.

பளைக்குப் போகும் வழி முழுவதும் எனக்கு ஒரே கணக்கு. மாமி சட்டையைத் தேடுவார். இல்லையென்றால் நான் வஸ்ஸில் ஏற வேண்டும். எங்கே இருக்கிறது என்று சொன்னால் வின்சன்ற் அண்ணை ஏற வேண்டும். அவருக்குப் பிள்ளை. எனக்கு மரம் பார்க்கும் ஆசை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னுடையது சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அது என்னுடையது.

பளையில் கோயில் வளவுக்குள் ஒரு வேப்பமரம் நின்றது. எல்லாரும் அதன் கீழ் கால் நீட்டிப் படுத்துவிட்டார்கள். மாமி சாமியாரைக் காணப் போனார். "நான் வரேக்கை பன்னிரண்டு பையும் வரிசையா இருக்கோணும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

படங்கை அவிழ்த்தேன். கபிலக் கட்டச் சாரம், கபிலக் கட்டச் சாரம், நீலக்கரைத் துவாய், இன்னொரு நீலக்கரைத் துவாய். ஒரு சாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது ஆற்றை?" என்று கேட்டேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கேட்டேன். ஸ்ரெல்லா மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"அவள் என்னவோ கேக்கிறாள்," என்றாள் ஸ்ரெல்லா.

சூசைதாசன் அண்ணை ஒரு கண்ணைத் திறந்தார். "எடி பிள்ளை, நீ ஆற்றை மகள்? கூறியான் அருட்பிரகாசத்தாற்றை மகளெல்லே? கொப்பர் துறையிலை மீன் கூறினால் மண்டைதீவிலை கேக்கும். நீ என்னெண்டால் காதுக்குள்ளை செபம் சொல்லுற மாதிரிக் கேக்கிறாய். ஏறி நிண்டு கூறன் பாப்பம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா துறையில் மீனை ஏலம் கூறுகிறவர். அதனால் என்னை இப்படிப் பகிடி பண்ணுவது ஊரில் புதிதல்ல. வழமையாக நான் வீட்டுக்குள் போய்விடுவேன். இங்கே போவதற்கு வீடு இல்லை. மாமி எந்த நேரமும் வந்துவிடுவார்.

வண்டியில் ஏறினேன். சாரத்தை விரித்துப் பிடித்தேன். அதற்குப் பின்னால் முகம் மறைந்தது நல்லதாகப் போயிற்று.

"ஒரு சாரம்!" என்றேன். குரல் உடைந்து வந்தது. "ஒரு சாரம், கபிலக் கட்டம், ஓரத்திலை பீடி சுட்ட ஓட்டை ஒண்டு! ஆர் கேக்கிறியள்?"

சூசைதாசன் அண்ணை துள்ளி எழுந்து இருந்தார். "ரெண்டு சூடை மீன்!"

"நாலு சூடை!" என்றது இன்னொரு குரல்.

"ஒருதரம், ரெண்டுதரம்..."

"எட, நில்லுங்கோடா, அந்த ஓட்டை என்ரை ஓட்டை! என்ரை சாரத்துக்கு நான் ஏன் மீன் குடுக்கோணும்?" என்று சூசைதாசன் அண்ணையே கத்தினார். சாரத்தை அவருடைய பையை நோக்கி எறிந்தேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் படுத்திருக்கவில்லை. துவாயை விரித்தால், "அந்த மூலையிலை தைச்சிருக்கோ? அப்ப எனக்கு!" என்றார்கள். சேட்டு ஒன்றைப் பிடித்தால் பொத்தான் நிறம் கேட்டார்கள். லூர்த்தம்மா அக்காவின் உட்பாவாடையை அது என்னவென்று பார்க்காமலே தூக்கிப் பிடித்துவிட்டேன். காற்றில் அது உப்பியது.

"வள்ளத்துக்குப் பாய் வந்திட்டுது!" என்றார் சூசைதாசன் அண்ணை. "ஒரு சுறா தாறன்!"

"உன்ரை மூஞ்சைக்குச் சுறா! குடடி இஞ்சை," என்று லூர்த்தம்மா அக்கா ஓடி வந்து பறித்தார். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வின்சன்ற் அண்ணை மட்டும் மரத்தில் சாய்ந்து, காலை மடக்கிச் சாரத்துக்குள் வைத்துக்கொண்டு இருந்தார்.

படங்கில் கடைசியாக ஒன்றிரண்டு துணிதான் கிடந்தபோது மாமி வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன். வந்து தன் பையை அவிழ்த்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"என்ரை மஞ்சள்பூச் சட்டை எங்கை?"

லூர்த்தம்மா அக்கா தன் பையைத் திறந்து பார்த்தார்.

"ஜெசிந்தா, உன்னைத்தான் கேக்கிறன். திருநாளுக்குப் போடவெண்டு கொண்டந்த சட்டை. எங்கை?"

"இதிலை இல்லை மாமி."

"அதுதான் எனக்கும் தெரியுது. நான் என்ன சொன்னனான்?"

"அடுத்த வஸ்."

"ஓம். நான் சொன்னால் சொன்னதுதான்."

நான் இன்னும் வண்டியில்தான் நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வின்சன்ற் அண்ணையைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்போது அப்பா துறையில் செய்கிற ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. இரண்டுதரம் என்று சொன்ன பிறகு அப்பா உடனே மூன்றுதரம் சொல்ல மாட்டார். கூட்டத்தில் ஒருவன் கேட்கவா விடவா என்று மனதுக்குள் அடிபட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். அவனைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு, அவனுக்காகக் கொஞ்சம் பொறுப்பார்.

வெறும் கையைத் தூக்கினேன்.

"ஒரு சட்டை," என்றேன். "மஞ்சள் பூச் சீத்தை. புதிசு. ஒருநாளும் போடாதது. ஆர் கேக்கிறியள்?"

"இவளுக்கென்ன விசரோ?" என்றார் மாமி.

"ஒருதரம்."

ஸ்ரெல்லா சிரிக்கப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

"ரெண்டுதரம்."

நான் வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்தேன். அங்கே எங்களோடு வந்த காகங்கள் இரண்டு இருந்தன. பொறுத்தேன். மாமி வாயைத் திறக்க வெளிக்கிட்டார். இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

"நிப்பாட்டு பிள்ளை," என்றார் வின்சன்ற் அண்ணை. "அது விலைப்பட்டுப்போச்சு."

சாரத்துக்குள் இருந்து இரண்டு காலையும் வெளியே நீட்டினார். துணி ஊறிப் பூக்கள் எல்லாம் சிவப்பாகியிருந்தன.

மாமி போய் அந்தக் காலுக்கு முன்னால் குந்தினார். துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினார். "ஸ்ரெல்லா, கேத்திலிலை சுடுதண்ணி. உப்புப் போட்டுக் கொண்டா." பிறகு வையத் தொடங்கினார். வடுவா, மூதேசி, மண்டைக்கனம் பிடிச்சவன், பெண்சாதியைத் தனிய விட்டிட்டு இஞ்சை வந்து காலைப் பழுதாக்கி வைச்சிருக்கிறான். வைதுகொண்டே காலைக் கழுவினார். கட்டுவதற்குத் துணி கேட்டார். வின்சன்ற் அண்ணை தன் பையிலிருந்து சட்டையின் மிச்சத்தைப் பயந்து பயந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு கையும் ஒரு முதுகும்தான் இருந்தன. மாமி அதை ஒரு தரம் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு நடுவால் சர்ரென்று கிழித்தார்.

"நாளைக்கு நீ வண்டியிலை."

"மாமி, வேண்டாம் மாமி. நேத்தி மாமி."

"என்ன நேத்தி? சொல்லு. மாதாவுக்கு நீ என்னெண்டு சொன்னனி?"

"மடுவுக்கு நடந்து வாறன் எண்டு."

"செருப்பில்லாமல் எண்டு சொன்னனியோ?"

வின்சன்ற் அண்ணை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அது... அது துறையிலை நிண்ட ஆக்களுக்குத்தான் சொன்னனான்."

சூசைதாசன் அண்ணை நிலத்தில் விழுந்து சிரித்தார். மாமியும் சிரித்துவிட்டார், சிரித்ததற்காக இன்னொரு முறை வைதார். நாளை ஒரு நாள் பளையிலேயே எல்லாரும் தங்குவது, அதற்குப் பிறகு வின்சன்ற் அண்ணை சூசைதாசன் அண்ணையின் செருப்பைப் போட்டுக்கொண்டு, வண்டி தள்ளாமல் நடப்பது என்று முடிவாயிற்று. துறையில் நின்றவர்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை என்று லூர்த்தம்மா அக்கா எல்லாரிடமும் சத்தியம் வாங்கினார். பிறகு, "நான் சொல்லாமல் இருக்கிறது கஷ்டம்," என்றும் சொன்னார்.

வஸ்ஸைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. படங்கின் அடியில் ஒரு துணி இன்னும் கிடந்தது. எடுத்து விரித்தேன். அது சாரமும் இல்லை, துவாயும் இல்லை. வெள்ளைத் தலையணை உறை. ஓரத்தில் கைப்பின்னல், நடுவில் நீல நூலில் சிலுவை.

"ஒரு தலையணை உறை! ஆற்றை?" என்றேன். இந்த முறை குரல் தானாகவே வந்தது.

ஒருவரும் கேட்கவில்லை. எங்களில் ஒருவரும் தலையணை கொண்டுவரவில்லை. மாமி எழுந்து வந்து உறையைத் தடவிப் பார்த்தார். அவர் கை மெதுவாக நெஞ்சுக்குப் போயிற்று.

"கொடிகாமத்து அறைவீட்டுக் கொடி," என்றார். "இது சாமியாற்றையெல்லே! மடுவுக்கு நேத்திக்குப் போற சனம் சாமியாற்றை தலையணை உறையைக் களவெடுத்துக்கொண்டு போகுது!"

"செபமாலை சொல்லி மடிச்சது நீங்கள்தான்," என்றார் லூர்த்தம்மா அக்கா.

"பக்கத்திலை இருந்து மடிச்சது நீ!"

இருவரும் கொஞ்ச நேரம் இப்படியே போனார்கள். கடைசியில் மாமி உறையை நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"திரும்பி வரேக்கை கொடிகாமத்திலை இறங்குவம். நீதான் போய்க் குடுக்கோணும். கதவைத் தட்டி, நாங்கள் தெரியாமல் எடுத்துக்கொண்டு போட்டம் எண்டு, சாமியாருக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லோணும். நான் வாசலிலை நிப்பன், உள்ளை வரமாட்டன். விளங்கிச்சோ?"

"ஓம் மாமி," என்றேன்.

உறையை என் பையில், என் சட்டைகளுக்கு நடுவில், மீன் வாசம் பிடிக்காத இடமாகப் பார்த்து வைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.